ஜூலியின் இருமல்

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை நேரம். எங்கள் வீட்டு வளவின் பின்புறத்துத் தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள், என் மூத்த சகோதரி ஆமினா ராத்தா ஒரு குதிரையின் தொண்டையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். முக்காடு சரிந்து தோளில் கிடந்தது. அதை இழுத்துவிட அவளுக்குக் கை ஒழியவில்லை. ஒரு கை குதிரையின் பிடரியில், மற்றது அதன் தாடைக்குக் கீழே.

"என்ன கேக்குது ராத்தா?"

"பேசாம நில்லு புள்ள. பானைக்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரிக் கிடக்கி."

அப்போது குதிரை இருமியது. மனிதர் இருமுவது போலத்தான் இருந்தது அந்தச் சத்தம், ஆனால் வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, கால்கள் நான்கும் ஆடின. மூக்கிலிருந்து மஞ்சள் சளி சிதறி ராத்தாவின் கன்னத்திலும் சட்டையிலும் ஒட்டியது. நான் இரண்டடி பின்னுக்குப் போய்விட்டேன். ராத்தா முகத்தைத் திருப்பவில்லை. தலைப்பால் முதலில் குதிரையின் மூக்கைத் துடைத்தாள். தன் கன்னம் அதற்குப் பிறகுதான்.

அதுவரைக்கும் அவள் அந்தக் குதிரையைத் தொட்டதே இல்லை.

போன வாரம் புயலைப் பற்றி எழுதியபோது ஒரு வரியில் ஜூலியின் பெயர் வந்து போனது. உடனே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், சாய்ந்தமருதில் ஏது குதிரை என்று. நியாயமான கேள்வி. மாடு, ஆடு, வயற்காலத்தில் எருமை, எல்லாம் கண்ட ஊர் அது. குதிரையைப் படத்தில்தான் கண்டிருந்தோம்.

கூடாரம் பறந்த பிறகு

புயலுக்குச் சற்று முன்னால் கல்முனைக்கு ஒரு சிறிய சர்க்கஸ் வந்திருந்தது. நானும் பார்த்தேன். ஒரு பெண் கம்பியில் நடந்தாள், ஒரு குரங்கு சைக்கிள் ஓட்டியது, வெள்ளையில் மண்ணிறத் திட்டுகள் கொண்ட ஒரு பெண்குதிரை வட்டமாக ஓடி வந்து முன்னங்காலை மடித்துச் சனத்துக்குச் சலாம் போட்டது.

புயல் அந்தக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் துணியில் ஒரு துண்டைப் பிறகு வயல் பக்கத்தில் யாரோ நெல் சூடடிக்கும் களத்துக்குப் படங்காக விரித்திருந்தார்கள். சர்க்கஸ்காரர் கையில் மிஞ்சியதை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். குதிரையை வாங்கியவர் என் மச்சான், ராத்தாவின் கணவர் இப்றாஹீம்.

அவர் மீன் வியாபாரி. விடியற்காலையில் கரைவலை மீனைப் பெட்டியில் அடைத்து, சைக்கிளின் பின்னால் கட்டி, சம்மாந்துறைச் சந்தைக்கு மிதிப்பார். புயலில் ஒரு தென்னை அவர் காலின்மேல் விழுந்தது. காற்று அடங்கி நிலம் வெளுத்தபோது, ஆண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டு இடிபாடுகளுக்குள் இருந்தார்கள். ராத்தா மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தைத் தனியாக அறுத்தாள். உம்மாவும் நானும் மரம் உருளாமல் கல் அண்டை கொடுத்தோம். அறுத்து முடிக்கும்வரை அவள் அழவில்லை. மச்சானை வெளியே இழுத்த பிறகு, கை விரல்களை விரிக்க முடியவில்லை என்று சொல்லித்தான் அழுதாள்.

கால் பிழைத்தது. முழங்கால் மடங்கவில்லை. இனிச் சைக்கிள் மிதிக்க முடியாது. ஆகவே குதிரை.

"மனிசருக்கே கூரை இல்ல. நீங்க குதிரைக்குக் கொட்டில் கட்டுறீங்களா?" என்று ராத்தா கேட்டாள்.

"மாட்டு வண்டியில மீன் போய்ச் சேரக்குள்ள நாறிப் போகும் ஆமினா. இது ஓடும்."

"ஓடட்டும். என்ட குசினிப் பக்கம் வரப்படாது."

கிணற்றடிக்கு அந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டினாள். குதிரை அந்தக் கயிற்றைத் தாண்டக்கூடாது. தானும் தாண்டமாட்டாள். புல் போடுவது, கழுவுவது, கடலில் குளிப்பாட்டுவது எல்லாம் மச்சான்தான், நொண்டிக்கொண்டே.

ஜூலி என்பது சர்க்கஸ்காரர் வைத்த பெயர். பெயரோடு பழக்கங்களும் வந்தன. கல்முனைச் சந்தியில் ஒரு நாள் பொலிஸ்காரர் ஊதுகுழலை ஊதினார். ஜூலி நடு றோட்டில் நின்று, முன்னங்காலை மடித்து, சலாம் போட்டாள். மீன் பெட்டிகள் எல்லாம் முன்னுக்குச் சரிந்தன. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் அவள் மறுபடியும் சலாம் போட்டாள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. மச்சான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. ராத்தா மட்டும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஆனாலும் சம்மாந்துறையில் "குதிரை மீன்" என்று கேட்டு வாங்க ஆள் இருந்தது. கண் சிவக்காத மீன் என்றால் அது எங்கள் வண்டி மீன்தான். வீட்டில் மறுபடியும் அடுப்பு இரண்டு வேளையும் எரிந்தது.

மூக்கால் வந்த தண்ணீர்

அடுத்த மாரியில் வந்தது அந்த இருமல். முதலில் மூக்கில் நீர் ஒழுகியது. மழையில் நனைந்ததால் தடிமன் என்று மச்சான் சாக்கால் போர்த்துவிட்டார். பிறகு நீர் தடித்து மஞ்சளானது. புல்லை வாயில் வாங்கும், மெல்லும், விழுங்க முடியாமல் துப்பும். தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம். உடம்பு அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது.

மச்சான் கொட்டிலுக்குள்ளேயே குந்தியிருந்தார். தண்ணீர் வாளியை அவர் நீட்ட, ஜூலி ஆசையோடு உறிஞ்சினாள். கொஞ்சம் உள்ளே போனது. மீதி இரண்டு மூக்குத் துளையாலும் திரும்பி வந்து வாளிக்குள்ளேயே விழுந்தது.

அதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ராத்தா பார்த்தாள். கிணற்றில் தண்ணீர் அள்ள வந்தவள். வாளியை வைத்துவிட்டு, கயிற்றைக் குனிந்து கடந்து போனாள். நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி அதற்குச் சற்றுப் பிந்தியது.

பக்கத்து வளவுக் கரீம் காக்கா மாடுகளுக்கு மருந்து கொடுப்பதில் பேர் போனவர். நல்ல மனிதர். இஞ்சியும் மிளகும் கொத்தமல்லியும் அவித்து, மூங்கில் குழாயில் நிரப்பிக்கொண்டு தாமாகவே வந்துவிட்டார்.

"தலைய நிமித்திப் பிடிங்க. தொண்டைக்குள்ள ஊத்தினா ஒரு பொழுதுல சுகம்."

ராத்தா குதிரையின் முன்னால் போய் நின்றாள்.

"வேணாம் காக்கா. குடிக்கிற தண்ணியே மூக்கால வருது. இத ஊத்தினா எங்க போகும்?"

"மாட்டுக்கு ஊத்துறதுதானே புள்ள."

"மாடு விழுங்கும். இது விழுங்காது. நெஞ்சுக்குள்ள போனா?"

கரீம் காக்கா குழாயைத் தாழ்த்தினார். "ஓம், அதுவும் சரிதான்" என்று கஷாயத்தைத் தானே ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப டொக்டரக் கூப்பிடுங்க" என்றார்.

இவ்வளவு கிட்டத்தில் முதல் குதிரை

நான் அப்போது புதிதாக ஆசிரியை நியமனம் பெற்றிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் மாட்டாஸ்பத்திரி. போய்ச் சொன்னேன். மட்டக்களப்புப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர், குணநாதன் என்று பெயர், மேசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"குதிரையா? இஞ்சயா?"

அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வந்தார். ஜூலியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். வெப்பம் பார்த்தார், தாடையை மெல்ல அழுத்தினார், மூக்கைப் பார்த்தார். பிறகு மச்சானிடமும் ராத்தாவிடமும் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"அக்கா, உள்ளதச் சொல்றன். படிக்கிற காலத்தில ரெண்டு மூண்டு குதிரையத் தூரத்தில நிண்டு பாத்ததுதான். இவ்வளவு கிட்டத்தில இதுதான் முதல். இந்த வருத்தத்தப் புத்தகத்தில படிச்சிருக்கிறன். கழுத்தில நெறி கட்டிச் சீழ் பிடிக்குது. அது வெளிய வந்தாப் பிழைக்கும். வீக்கம் உள்ளுக்குப் பெருத்தா மூச்ச அடைக்கும். என்ன செய்யிறதெண்டு நாளைக்குக் கேட்டு வந்து சொல்றன்."

படித்த ஒரு மனிதர், அதுவும் கால்சட்டை போட்ட டொக்டர், தெரியாது என்று இவ்வளவு நேராகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. ராத்தாவுக்கும் அதுதான் பிடித்துப்போனது. "இவர நம்பலாம்" என்றாள், அவர் வாசல் படலையைத் தாண்டிய உடனே.

தபால் கந்தோரில் காத்திருந்து, பேராதனையில் தன் ஆசிரியரோடு டெலிபோனில் கதைத்துவிட்டுத்தான் மறுபடி வந்தார். இப்போது அவர் சொல்லச் சொல்ல ராத்தா ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டை நிலத்தில் வைக்க வேண்டும். தலை தாழ்ந்தால்தான் சளி வழியும். மச்சான் வாளியை உயரத்தில் மாட்டியிருந்தார், அது இறங்கியது. தவிட்டைக் கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து, கஞ்சியாகக் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட சுடுநீரில் துணியை நனைத்து, பிழிந்து, வீக்கத்தில் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூக்குத் துடைக்கும் துணியை எரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளைக் கிட்ட விடக்கூடாது.

"ஊசி போட ஏலாதா?" என்று மச்சான் கேட்டார்.

"கட்டி பழுக்கிற நேரம் ஊசி போட்டா அது பழுக்காம உள்ளுக்கே கிடக்குமெண்டு எங்கட சேர் சொல்றார். பொறுத்துப் பாப்பம். இது தொத்து வருத்தம்தான், ஆனா குதிரைக்குக் குதிரை. சர்க்கஸ் காலத்திலயே தொத்தி உள்ளுக்குக் கிடந்திருக்கலாம். இஞ்ச வேற குதிரை இல்லாதது ஜூலிட அதிர்ஷ்டம் இல்ல, மற்றக் குதிரைகளிட அதிர்ஷ்டம்."

கொட்டிலில் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ராத்தா ஒற்றினாள். விடிந்தது முதல் பொழுதுபடும்வரை. நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அவள் கை தோல் ஊறி வெளுத்துப் போனது. தொழுகைக்குப் போவாள், தன் குழந்தைக்குச் சோறு தீத்துவாள், திரும்பி வருவாள். குதிரையோடு ஒரு வார்த்தை கொஞ்சவில்லை. "நில்லு", "தலையத் தூக்காத", "அசையாத" என்பது மட்டும்தான். ஜூலியோ அவள் தோளில் தன் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள்.

பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள்

அந்த மாரியில்தான் ஊரில் கக்குவான் இருமலும் வந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் முகம் நீலம் பாரித்து இருமினார்கள். குதிரையும் இருமுகிறது. சனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைமை மரைக்காரும் இன்னும் சிலரும் ஒரு மத்தியானம் வந்தார்கள். மரைக்காரின் பேரனுக்கும் இருமல். மனிதர் சரியாக உறங்கியே நாளாகியிருக்க வேண்டும், கண் உள்ளே போயிருந்தது. மச்சான் அவர்களை முன்வாசலில் இருத்தினார். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால்.

"இப்றாஹீம், ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்காங்க. இதக் கடற்கரைப் பக்கம் தாழங்காட்டுல கொண்டு விட்டாத்தான் எல்லாருக்கும் நல்லம்."

மச்சான் தலை குனிந்தார். அவரால் மரைக்காரை எதிர்த்துப் பேச முடியாது. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"விட்டா அது செத்துப் போகும் மாமா."

"ஹயாத்தும் மௌத்தும் அல்லாட கையில, ஆமினா."

"ஓம் மாமா. தண்ணி வெக்கிறது நம்மட கையில."

ராத்தாவே தொடர்ந்தாள். "அவுத்து விட்டா ஊரெல்லாம் மூக்கச் சிந்திக்கிட்டுத் திரியும். இஞ்ச எண்டா ஒரு இடத்துல நிக்கும். என்ட புள்ளையும் இந்த வளவுக்குள்ளதான் மாமா இரிக்கி. அது இருமல்லயே."

அந்த நேரம் பார்த்து டொக்டரின் மோட்டார் சைக்கிள் படலையில் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் மரைக்காருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, பிள்ளையளுக்கு வந்தது வேற இருமல். குதிரையால வந்ததில்ல. உங்கட பேரன இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அத மட்டும் பிந்த வேணாம்."

"நீங்க பொறுப்பா டொக்டர்?"

"ஓம். நான் பொறுப்பு."

மரைக்கார் எழுந்தார். "வாங்க போவம்" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கே பேரன் ஆஸ்பத்திரிக்குப் போனான். மறுநாள் மரைக்காரின் அரிசி ஆலையிலிருந்து ஒரு மூட்டை தவிடு வந்து எங்கள் படலையில் இறங்கியது. யார் அனுப்பியது என்று கொண்டுவந்தவன் சொல்லவில்லை. மூட்டையில் ஆலையின் பெயர் இருந்தது.

அவர்கள் போன பிறகு டொக்டர் கொட்டிலைத் தாங்கிய கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்க. என்ட நெஞ்சு இடிக்கிற இடியில ஜூலிட மூச்சுக் கூடக் கேக்கல்ல."

கத்தி

ஆனால் வீக்கம் உடையவில்லை. தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பிற்பகல் ஜூலி கழுத்தை நீட்டி, கால்களை அகட்டி நின்றாள். ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்தது. மச்சான் அவள் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

டொக்டர் ஒரு வளைந்த உலோகக் குழாயோடு வந்தார். வேறு வழி இல்லாவிட்டால் கழுத்தின் கீழே மூச்சுக்குழாயில் துளை போட்டு அதைச் செருக வேண்டும் என்றார். அந்த இடத்தின் மயிரைக்கூட வழித்துவிட்டார். வழித்து முடித்ததும், கடைசியாக ஒரு தடவை வீக்கத்தை விரலால் தடவினார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"அக்கா, நீங்களும் இஞ்ச அமத்திப் பாருங்க. காலையில இப்பிடி இருந்ததா?"

ராத்தா அழுத்தினாள். "இல்ல. காலையில கல்லு மாதிரிக் கிடந்த. இப்ப இளகிட்டு."

"அப்ப குழாய் வேணாம். இதத் திறக்கிறன். தலையப் பிடிக்க ஏலுமா?"

ராத்தா ஜூலியின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டொக்டர் கத்தியைக் கொதிநீரிலிருந்து எடுத்தார். அழுத்தினார். ஜூலி துடித்தாள். ராத்தாவின் கால்கள் சேற்றில் வழுக்கின, பிடி விடவில்லை.

வந்தது இரத்தம். வெறும் இரத்தம் மட்டும்.

டொக்டர் அப்படியே நின்றார். அவர் முகத்தில் நிறம் இல்லை. கத்தியை வெளியே எடுத்துவிட்டார். பிழையான இடத்தில் வெட்டிவிட்டோமோ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். விசில் மூச்சு இன்னும் கூர்மையானது.

ராத்தா குதிரையின் காதுக்கு மேலால் அவரைப் பார்த்தாள்.

"இடம் சரி தம்பி. இன்னம் கொஞ்சம் உள்ளுக்குப் போங்க. பயப்புடாதீங்க. நான் புடிச்சிருக்கன்."

அதுவரை டொக்டர் என்றுதான் சொல்லிவந்தாள். அந்த ஒரு சொல்லில் துணிவு வந்ததோ என்னவோ, அவர் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தியை இறக்கினார்.

தயிர்ப் பானை உடைந்தது போல வந்தது சீழ். அவர் கையில், ராத்தாவின் மடியில், நிலத்தில். அந்த நாற்றத்தை எழுதப் போவதில்லை. ஜூலி ஒரு தடவை இருமினாள், பெரிதாக. பிறகு மூச்சு இழுத்தாள். விசில் இல்லை. இன்னொரு மூச்சு. விலா எலும்புகள் அகன்று, சுருங்கி, மறுபடி அகன்றன.

டொக்டர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் முடியாமல் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கரீம் காக்கா அந்த வார்த்தையைச் சத்தமாக முடித்துவைத்தார்.

ராத்தா மட்டும் அழவில்லை. "சுண்ணாம்பு எடுத்துக்கிட்டு வா புள்ள, குழி தோண்டி இதத் தாக்கணும்" என்றாள் என்னிடம்.

மாலையில் வாளி வைத்தோம். ஜூலி குடித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுத் திரும்பவில்லை.

அன்றைக்கு, கை கழுவும்போது, ராத்தாவிடம் கேட்டேன். "உனக்குத்தான் இதப் புடிக்காதே. பிறகேன் இவ்வளவு பாடுபட்டாய்?"

"புடிக்காதுதான்" என்றாள். "புடிச்சதுக்கு மட்டுமா புள்ள தண்ணி வெக்கிற?"

பந்தலுக்குள் டொக்டர்

காயம் ஆற நாளெடுத்தது. டொக்டர் வந்து கழுவிக் கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஜூலி வண்டியில் பூட்டுப்பட்டாள், சம்மாந்துறையில் மறுபடியும் குதிரை மீன் விலைப்பட்டது. டொக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது.

சில காலம் கழித்து எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை சம்மாந்துறைக்காரர். அவரை ஊர்வலமாக எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவது ஜூலியின் வண்டிதான் என்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றார், அவரால் வேறு விதமாக நிற்கவும் முடியாது. மீன் நாற்றம் போக வண்டியை ராத்தா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள். டொக்டருக்கும் சொல்லி அனுப்பினோம். அவ்வளவு தூரத்திலிருந்து வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

நான் பட்டுச் சேலைக்குள் வியர்த்துக்கொண்டு ஜன்னல் சீலைக்குப் பின்னால் இருந்தேன். பக்கத்தில் ராத்தா. பைத் பாட்டுப் படித்துக்கொண்டு ஊர்வலம் படலைக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கி, கழுத்து நிறைய மாலையோடு நின்றார். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பரிசுப் பொதியுமாக டொக்டர் முன்னுக்கு வந்தார்.

மாப்பிள்ளை கைகொடுக்கக் கையை நீட்டினார். டொக்டர் அதைக் காணவே இல்லை. அவரைக் கடந்து நேரே குதிரையிடம் போனார். பரிசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஜூலியின் தாடைக்குக் கீழே தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். தழும்பு அகப்பட்டதும் அவர் முகம் மலர்ந்ததை ஜன்னலிலிருந்தே கண்டேன்.

அத்தனை ஆண்களுக்கு முன்னால் என் ராத்தா வாய் திறந்து சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். ஜன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கினாள்.

"தம்பி!" என்று கூப்பிட்டாள். "மாப்பிள்ள அந்தப் பக்கம் நிக்கார்."